"எங்களாலேயே படிக்க முடியாது" என்று சொல்லும் கம்பெனிகளை எவ்வளவு நம்பலாம்?

மாம்பலம் வசந்தி கேட்டது:

மேற்கு மாம்பலத்தில் வருமான வரி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கும் சின்ன ஆபீஸ் நடத்துகிறேன். நான், கூட இரண்டு பெண்கள், மழைக்காலத்தில் மட்டும் பேப்பர் சிக்கும் ஒரு பிரிண்டர், அவ்வளவுதான். ஜூலை பிறந்தால் அக்கம்பக்கத்தில் பாதிப் பேருடைய பான் கார்டு, ஆதார், பாங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் என் கையில்தான் இருக்கும்.

போன வருஷம் அண்ணன் பையன் லீவுக்கு வந்தவன், "அத்தை, இத்தனை பேர் பேப்பரை வெச்சுக்கிட்டு ஓசி மெயில்ல ஓட்டறீங்களே" என்று பயமுறுத்தி, புரோட்டான் என்ற சுவிட்சர்லாந்து மெயிலுக்கும் ஒரு விபிஎன்னுக்கும் (நம் இன்டர்நெட்டை வேறொரு கம்பெனி வழியாகச் சுற்றி அனுப்புமாம்) என் கார்டில் பணம் கட்ட வைத்தான். போகிற போக்கில் வாத்து படம் போட்ட பிரௌசர் ஒன்றையும் போனில் ஏற்றிவிட்டுப் போனான். இப்போது இரண்டுக்கும் புதுப்பிக்கும் நேரம். விபிஎன்காரர்கள் கேட்கும் தொகை முதல் வருஷம் கட்டியதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். என் சந்தேகம் வேறு. 2024 பிப்ரவரியில் சென்னையில் பதின்மூன்று பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்ததே, அன்றைக்கு எங்கள் தெருவில் பாதி அம்மாக்கள் செருப்புகூட மாற்றாமல் ஆட்டோ பிடித்து ஓடினார்கள். அந்த மிரட்டல் வந்தது இதே சுவிஸ் மெயிலிலிருந்துதான் என்றும், தமிழ்நாடு போலீஸ் கேட்டு இந்தியாவில் அதை முடக்கப் பார்த்தார்கள் என்றும் பேப்பரில் வந்தது. சரி, யாரையும் காட்டிக்கொடுக்காத கம்பெனி போல என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் இதே கம்பெனி பிரான்சில் ஒரு சுற்றுச்சூழல் போராட்டக்காரரின் விவரத்தைப் போலீஸிடம் கொடுத்ததாம். இரண்டில் எது நிஜம்? இவர்கள் விளம்பரத்தில் சொல்வது போல நடந்துகொள்கிறார்களா, இல்லை பயத்தை விற்கிறார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பதில் எனக்குப் புரிகிற மாதிரி இருந்தால் புண்ணியம்.

அண்ணாநகர் முரளி:

மேடம், பணத்தை மிச்சம் பண்ணுங்கள். எல்லாம் வியாபாரம். அவாஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? ஒரு காலத்தில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் பண்ணிய கம்ப்யூட்டரில் பாதிக்கு மேல் அந்த ஆன்டிவைரஸ்தான் இருக்கும். "உங்களை யாரும் பின்தொடராமல் தடுக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே, ஜம்ப்ஷாட் என்று தனியாக ஒரு கம்பெனி வைத்து, நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போனோம் என்ற பட்டியலை விற்றார்கள். 2020 ஜனவரியில் வெளியே வந்தது, கடையை மூடினார்கள். 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. காவலுக்கு வந்தவனே இப்படி. இதற்கு மேல் என்ன சொல்ல?

பழவந்தாங்கல் சேகர்:

முரளி சொன்ன அவாஸ்ட் கதை அப்படியே உண்மை. ஆனால் அதை வைத்து எல்லோரையும் ஒரே தராசில் போட்டால் வசந்தி மேடத்துக்குப் பதில் கிடைக்காது. நான் தரமணியில் ஒரு கம்பெனியில் சர்வர் பார்க்கிறேன். மெயில் சர்வரின் உள்பக்கத்தைத் தினமும் பார்க்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மேடம், நீங்கள் கேட்ட இரண்டும் நிஜம். ஒரு மெயிலுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒரு விஷயம். யார், யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்த இணைப்பிலிருந்து அனுப்பினார் என்பது இன்னொரு விஷயம். "எங்களாலேயே படிக்க முடியாது" என்று புரோட்டான் சொல்வது முதலாவதைப் பற்றி. 2021-இல் பிரெஞ்சு போலீஸுக்குப் போனது இரண்டாவது. பிரெஞ்சுக்காரர்கள் யூரோபோல் என்ற ஐரோப்பிய போலீஸ் அமைப்பு வழியாக சுவிஸ் அதிகாரிகளிடம் போனார்கள், சுவிஸ் சட்டப்படி உத்தரவு வந்தது, அந்த ஒரு கணக்கின் ஐபி முகவரியை, அதாவது எந்த இணைப்பிலிருந்து வந்தார் என்று காட்டும் எண்ணைப் பதிவு செய்து கொடுத்தார்கள். மெயிலில் என்ன இருந்தது என்பது போகவில்லை. உத்தரவு வந்ததும் கொடுத்ததை நான் தப்பு சொல்ல மாட்டேன். எந்த நாட்டு கோர்ட்டுக்கும் கட்டுப்பட மாட்டோம் என்று ஒரு கம்பெனி சொன்னால் அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். எனக்கு உறுத்துவது, ஐபி பதிவு எதையும் வழக்கமாக வைத்துக்கொள்வதில்லை என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த வரி, விஷயம் வெளியே வந்த பிறகுதான் அங்கிருந்து காணாமல் போனது என்பது. உத்தரவு வந்தால் பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும்தானே?

2024-இல் இன்னொன்று நடந்தது. கத்தலோனியப் போராட்ட அமைப்பு ஒன்றைச் சேர்ந்தவரை ஸ்பெயின் போலீஸ் தேடியது. புரோட்டானிடம் இருந்தது அவர் பாஸ்வேர்ட் மீட்புக்காகக் கொடுத்திருந்த ஆப்பிள் மெயில் முகவரி மட்டும்தான். அதைக் கொடுத்தார்கள். ஆப்பிளிடம் போனார்கள், பெயரும் விலாசமும் வந்துவிட்டது. அந்த முகவரியைத் தானாக முன்வந்து கொடுத்தவர் அவர்தான். உங்கள் கணக்கில் மீட்பு மெயிலாக எது இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அண்ணன் பையனுடைய ஜிமெயில்தானே?

நான் எந்தக் கம்பெனியை எடைபோட்டாலும் பார்ப்பது ஒன்றுதான். போலீஸ் வாரண்டோடு கதவைத் தட்டிய நாளில் இவர்கள் கையில் கொடுப்பதற்கு என்ன இருந்தது? விளம்பரம் எழுதுகிறவர் அங்கே இருக்க மாட்டார். 2016-இல் அமெரிக்காவில் சிக்னல் என்ற மெசேஜ் செயலிக்கு கோர்ட் சம்மன் வந்தது. அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே தகவல்: கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது இணைந்தது. வேறு எதையும் சேமித்து வைக்கவே இல்லை. 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் முல்வாட் விபிஎன் ஆபீஸுக்குத் தேடுதல் உத்தரவோடு போய் வெறுங்கையோடு திரும்பியது. அந்த விபிஎன்னில் சேர மெயில் முகவரிகூடக் கேட்க மாட்டார்கள். ஒரு எண் கொடுப்பார்கள், மாதம் ஐந்து யூரோ, வேண்டுமானால் நோட்டைக் கவரில் போட்டும் அனுப்பலாம். முதல் வருஷச் சலுகை, அடுத்த வருஷம் இரண்டு மடங்கு என்கிற கதையும் கிடையாது.

மறுபக்கமும் உண்டு. ஹைட்-மை-ஆஸ் என்ற விபிஎன் 2011-இல் சோனி பிக்சர்ஸ் ஹேக்கிங் வழக்கில் பதிவுகளைக் கொடுத்தது. பியூர்விபிஎன் பதிவே வைப்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2017-இல் ஒரு பெண்ணை ஆன்லைனில் துரத்தித் துன்புறுத்திய ஆள் மாட்டியது அதன் பதிவுகளால்தான். அந்த ஆள் மாட்டியதில் எனக்கு முழுச் சந்தோஷம். ஆனால் இல்லை என்று விற்ற சரக்கு எப்படி வந்தது?

விபிஎன் தொழிலில் இன்னொரு கூத்து உண்டு. கேப் டெக்னாலஜீஸ் என்று ஒரு நிறுவனம். பழைய பெயர் கிராஸ்ரைடர். அவர்களுடைய மென்பொருள் தளத்தை வைத்துத்தான் பலர் கம்ப்யூட்டரில் விளம்பரத் தொல்லை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெயரையும் மாற்றிக்கொண்டார்கள்; சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்ஸஸ், 2021-இல் எக்ஸ்பிரஸ்விபிஎன் என்று வரிசையாக வாங்கினார்கள். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் 93.6 கோடி டாலர். அதே வருஷம் எந்த விபிஎன் நல்லது என்று மதிப்பெண் போடுகிற விபிஎன்மென்டர் மாதிரியான தளங்களையும் வாங்கிவிட்டார்கள். கூகுளில் "சிறந்த விபிஎன்" என்று தேடினால் வருகிற பட்டியலை யார் எழுதியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். இதே எக்ஸ்பிரஸ்விபிஎன்னின் சர்வரை 2017-இல் துருக்கி அதிகாரிகள், ரஷ்யத் தூதர் கொலை வழக்கில் கைப்பற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அதாவது சொன்னபடிதான் இருந்தது. அது கை மாறுவதற்கு முன்னால்.

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது. விபிஎன் நடத்துகிறவர்கள் வாடிக்கையாளர் பெயர், விலாசம், ஐபி எல்லாவற்றையும் ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று. எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க், நார்ட், பின்னால் புரோட்டானும் (அவர்களுக்கும் ஒரு விபிஎன் உண்டு) இந்தியாவிலிருந்த சர்வர்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது வெறும் விளம்பரமில்லை, செலவு செய்து காட்டியது. இப்போது பட்டியலில் இந்தியக் கொடி தெரிந்தால், பெட்டி பெரும்பாலும் சிங்கப்பூரிலோ பிரிட்டனிலோ இருக்கும்.

ஆனால் மேடம், உங்கள் ஆபீஸுக்கு விபிஎன் எதற்கு? வருமான வரித் தளமும் பாங்க் தளமும் ஏற்கெனவே பூட்டுப் போட்ட இணைப்பில்தான் வருகின்றன. விபிஎன் போட்டால், நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெருமுனை பிராட்பேண்ட்காரருக்குத் தெரியாது, விபிஎன்காரருக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுத்து வைத்த சாவியை வாங்கி, பனாமாவில் இருக்கிற முகம் தெரியாத ஒருவருக்குக் கூரியர் பண்ணுகிற மாதிரிதான். மாமியோடு சண்டை என்றால் நியாயம். உங்களுக்கு என்ன சண்டை?

மெயில் வேறு விஷயம், அதில் கொஞ்சம் பயன் உண்டு. விளம்பரத்துக்காக யாரும் மேய மாட்டார்கள். ஆனால் உங்கள் கிளையண்ட் ஜிமெயிலிலிருந்து பாங்க் ஸ்டேட்மெண்ட் அனுப்பினால், ஒரு காப்பி கூகுளிடம் இருக்கும். நீங்கள் சுவிட்சர்லாந்தில் எவ்வளவு பெரிய பெட்டகம் வைத்தாலும் அந்தக் காப்பி அங்கேதான் இருக்கும். இரண்டு பக்கமும் புரோட்டான் இருந்தால்தான் தானாகவே முழுப் பூட்டு விழும். அப்போதும்கூட சப்ஜெக்ட் வரி அந்தப் பூட்டுக்குள் வராது, அதை அவர்களே தங்கள் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் சப்ஜெக்ட்டில் என்ன போடுகிறீர்கள்?

வாத்து பிரௌசர் பற்றி: டக்டக்கோ தேடலில் உங்களைப் பின்தொடர்வதில்லை என்பது சரி. 2022 மே மாதம் ஒரு ஆய்வாளர், அவர்களுடைய மொபைல் பிரௌசர் நம்மைத் தளம் தளமாகப் பின்தொடரும் கூகுள், ஃபேஸ்புக் டிராக்கர்களைத் தடுத்துவிட்டு மைக்ரோசாஃப்ட் டிராக்கர்களை மட்டும் சில இடங்களில் உள்ளே விடுகிறது என்று கண்டுபிடித்தார். தேடல் முடிவுகளுக்காக மைக்ரோசாஃப்ட்டோடு போட்ட ஒப்பந்தம்தான் காரணம். பலர் கத்திய பிறகு ஆகஸ்டில் அதையும் தடுக்க ஆரம்பித்தார்கள். காசு எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆப்பிளும் அப்படித்தான். "ஐபோனில் நடப்பது ஐபோனோடு" என்று 2019 ஜனவரியில் லாஸ் வேகாஸில் கட்டடம் உயரத்துக்குப் பேனர் வைத்தது. அதே ஆப்பிள், கூகுளைத் தன் பிரௌசரில் முதல் தேடலாக வைப்பதற்கு 2022-இல் மட்டும் 2,000 கோடி டாலர் வாங்கியது அமெரிக்க வழக்கில் வெளிவந்தது.

கயல், பெருங்குடி:

சேகர் அண்ணா, எல்லாம் வெளிநாட்டுக் கம்பெனியாகவே சொல்கிறீர்களே. நம் கூடுவாஞ்சேரிப் பக்கமே ஜோஹோ இருக்கிறது. விளம்பரமே விற்காத கம்பெனி, பங்குச் சந்தையிலும் இல்லை, டேட்டாவும் இந்தியாவிலேயே. அவர்களுடைய உலா பிரௌசர், அரட்டை என்ற மெசேஜ் செயலி இரண்டும் நான் பயன்படுத்துகிறேன். வசந்தி அக்கா அதற்கு மாறினால் என்ன? கிளையண்ட்டும் தமிழ், கம்பெனியும் தமிழ்.

பழவந்தாங்கல் சேகர்:

கயல், ஜோஹோ விளம்பர வருமானத்தில் ஓடுவதில்லை என்பது பெரிய பலம், அதை ஒத்துக்கொள்கிறேன். காசு வாங்கும் வழியும் விளம்பரம் சொல்வதும் ஒன்றாக இருக்கிற சில இடங்களில் அது ஒன்று. ஆனால் ஊர்க்காரர் என்பதற்காக அளவுகோலை மாற்ற முடியாது. 2025 செப்டம்பர், அக்டோபரில் ஊரே அரட்டையை இறக்கியபோது, எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன் (அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு) அழைப்புகளுக்குத்தான் இருந்தது, சாதாரணச் செய்திகளுக்கு இல்லை. அவர்கள் அதை மறைக்கவில்லை, வேலை நடக்கிறது என்றார்கள், அப்புறம் கொண்டுவரவும் ஆரம்பித்தார்கள். ஆனால் அந்த இடைவெளியில் பாதுகாப்பான இந்திய வாட்ஸ்அப் என்று ஃபார்வர்ட் பண்ணியவர்கள் கம்பெனிக்காரர்கள் அல்ல, நாம்தான்.

டேட்டா இந்தியாவில் இருப்பதும் இருபக்கம் வெட்டும். இந்தியச் சட்டம் உங்களைக் காக்கும், இந்திய அதிகாரியின் உத்தரவும் அங்கே நேராகச் செல்லும். வரித் தாக்கல் ஆபீஸுக்கு அது ஒரு குறையே இல்லை. ஒரு பத்திரிகையாளர் கேட்டால் வேறு பதில் சொல்வேன்.

டெலிகிராமை மட்டும் தயவுசெய்து இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். பாதுகாப்பு என்று பெயர் வாங்கிய செயலி, ஆனால் தனியாக "சீக்ரெட் சாட்" திறந்தால் தவிர அங்கே செய்திகளுக்கு எண்ட்-டு-எண்ட் கிடையாது, குரூப் செய்திகளுக்கு எப்போதுமே கிடையாது. 2024-இல் நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் பாட் (கேட்டால் தானாகப் பதில் தரும் கணக்கு) வழியாகவே வெளியே கிடைத்தன, கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது.

மாம்பலம் வசந்தி:

சேகர் சார், சப்ஜெக்ட் வரியைக் கேட்டீர்களே. எங்கள் ஆபீஸில் சப்ஜெக்ட் என்ன தெரியுமா? கிளையண்ட் பெயர், பக்கத்தில் பான் எண், அதற்குப் பக்கத்தில் மதிப்பீட்டு ஆண்டு. தேடி எடுக்க வசதி என்று நான்தான் அந்த முறையே கொண்டுவந்தேன், சொல்லிக்கொடுத்து வழக்கமாக்கியும்விட்டேன். வாசலில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டு உள்ளே பூட்டியிருக்கிறேன் போல. மீட்பு மெயிலும் நீங்கள் சொன்னபடி அந்தப் பையனுடையதுதான். நேற்று மாற்றிவிட்டேன்.

ஒரு கேள்வி. நாங்கள் கிளையண்ட்டுக்கு அனுப்பும் பிடிஎஃப் எல்லாம் பாஸ்வேர்ட் போட்டதுதான். அது போதாதா? அப்புறம், முக்கால்வாசிப் பேர் மெயிலே அனுப்புவதில்லை, வாட்ஸ்அப்தான். அது பாதுகாப்பு என்று அவர்களே மஞ்சள் கட்டத்தில் எழுதிக் காட்டுகிறார்களே?

பழவந்தாங்கல் சேகர்:

அந்தப் பாஸ்வேர்ட் என்ன என்று யோசியுங்கள். வரித் துறையிலிருந்து இறக்குகிற ஏஐஎஸ் என்ற வருடாந்திரத் தகவல் அறிக்கை, தாக்கல் ஒப்புகை இரண்டுக்கும் பான் எண் சின்ன எழுத்தில், தொடர்ந்து பிறந்த தேதி. இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பெயரின் முதல் நான்கு எழுத்து, பிறந்த வருஷம். நீங்கள் சப்ஜெக்ட்டில் பானைப் போட்டு, பிறந்த தேதி இருக்கிற பான் கார்டு படத்தையும் அதே ஃபோல்டரில் வைத்திருக்கிறீர்கள். வெளி ஆள் ஒருவருக்கு அந்த ஃபோல்டர் கிடைத்தால் ஒரு நிமிஷம் ஆகாது. நீங்கள் உருவாக்குகிற பிடிஎஃப்புக்காவது வேறு பாஸ்வேர்ட் வையுங்கள், அதைப் போனில் வாயால் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் மஞ்சள் கட்டத்தில் சொல்வது பொய்யில்லை. 2016-இலிருந்து செய்திகள் நடுவழியில் பூட்டித்தான் போகின்றன. சிக்னல் உருவாக்கிய அதே முறைதான். ஆனால் பேக்கப் வேறு. அதற்குப் பூட்டுப் போடும் வசதி 2021-இல் வந்தது, ஆனால் நாமே போய் ஆன் பண்ண வேண்டும், தானாக வராது. யாரோடு எப்போது பேசினோம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். உங்கள் ஆபீஸில் இதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்தே இருக்கும், வந்த ஆதார் எல்லாம் டவுன்லோட்ஸில் போன வருஷத்திலிருந்து கிடக்கும், போன் கேலரியில் குடும்பக் கல்யாண ஃபோட்டோவுக்கு நடுவே யாரோ ஒருவருடைய பாங்க் பாஸ்புக் வரும். எந்த சுவிஸ் கம்பெனியும் அதைத் துடைத்துத் தர மாட்டான். 2023 தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன, படிப்படியாக அமலாகும். கிளையண்ட் பேப்பருக்குப் பொறுப்பு நீங்கள்தான் என்று அது சொல்லும்.

நானாக இருந்தால் மெயிலை மட்டும் புதுப்பிப்பேன், விபிஎன்னை நிறுத்துவேன். மெயிலிலேயே ஜிமெயில்காரருக்குப் பாஸ்வேர்ட் போட்ட செய்தியாக அனுப்பும் வசதி இருக்கிறது, அதை இரண்டு பெண்களுக்கும் காட்டிக்கொடுங்கள். அந்த ஒரு வசதிக்காகவே கொடுத்த காசு செரிக்கும்.

அண்ணாநகர் முரளி:

சேகர், இதைக் கேட்டதும் என் போன் கேலரியைத் திறந்து பார்த்தேன், வாடகைக்கு வந்தவர் ஆதார் இருக்கிறது, அவர் காலி பண்ணிப்போயே நாளாயிற்று. மாஸ்க் போட்ட ஆதார் என்கிறார்களே, எங்கே எடுப்பது?

மாம்பலம் வசந்தி:

முரளி சார், அது எனக்கே தெரியும். யுஐடிஏஐ தளத்தில் இ-ஆதார் இறக்கும்போதே மாஸ்க் வேண்டுமா என்று ஒரு கட்டம் இருக்கும், டிக் போட்டால் முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் வரும். ஹோட்டல் ரூமுக்கு, வாடகைக்கு வருகிறவருக்கு எல்லாம் அது போதும். வரித் தாக்கலுக்கு மட்டும் எனக்கு முழு எண் வேண்டும்.

விபிஎன்னை நிறுத்தியாயிற்று. நிறுத்தும் பொத்தானைத் தேடுவதற்குள் கண் பூத்துவிட்டது, நடுவில் "போகாதீர்கள், எண்பது சதவீதம் தள்ளுபடி" என்று கெஞ்சல் வேறு. சப்ஜெக்ட்டில் இனி எங்கள் ஃபைல் நம்பர் மட்டும்தான். சின்னவள் முணுமுணுக்கிறாள், தேடக் கஷ்டமாம்.

கயல், பெருங்குடி:

அக்கா, அந்த ஃபைல் நம்பருக்கும் பெயருக்கும் ஒரு எக்செல் ஷீட் போட்டிருப்பீர்களே, அது எங்கே இருக்கிறது?

மாம்பலம் வசந்தி:

டெஸ்க்டாப்பில்தான். இரும்மா, வருகிறேன்.